பிரேக் நைனாவும் என் பின்சக்கரங்களும்

வண்டியை ஓட வைக்கத் தெரிந்த மெக்கானிக்குகள் மெட்ராஸில் தெருவுக்கு நாலு பேர் உண்டு. ஓடுகிற ஒவ்வொரு வண்டியையும் பார்த்து, 'ஐயோ, இது எப்படி நிற்கும்?' என்று கவலைப்பட்டே துரும்பாக இளைத்தவர் உலகத்திலேயே ஒருத்தர்தான். மயிலாப்பூர் மாடவீதிக்குப் பின்னால், வேப்பமரத்தடியில் பட்டறை. சொந்தப் பெயர் என்னவோ, யாரையும் 'நைனா' என்றே கூப்பிடுவதால் ஊருக்கு அவர் பிரேக் நைனா. இன்ஜின் புகைகிறது என்று போனால், "பொகையட்டும் நைனா, அதனால எவன் சாவப்போறான்? பிரேக்கு இன்னா சொல்லுது?" என்பார்.

எழுபதுகளின் நடுவில் நான் அவரிடம் கொண்டுபோனது ஒரு மணி நேர வேலை. ஹேண்ட்பிரேக் கேபிள் தளர்ந்திருந்தது. இறுக்கித் தரவேண்டும், அவ்வளவுதான்.

என் மனைவி சாரதாவுக்குச் சின்ன வயசிலேயே இளம்பிள்ளை வாதம். வலது கால் சூம்பிப்போய், ஊன்றுகோல் வைத்துத்தான் நடப்பாள். அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலை அப்போதுதான் கிடைத்திருந்தது. இன்னும் நிரந்தரமாகவில்லை. அவளால் பஸ் படி ஏற முடியாது என்பதற்காகவே அந்த ஓட்டைக் காரை வாங்கினேன். பள்ளிக்கூட வாசலோ நல்ல சரிவு. அன்றைக்குக் காலையில் ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, அவளை இறக்க நான் அந்தப் பக்கம் சுற்றிப் போவதற்குள் வண்டி முன்னால் நழுவியது. அவளுக்கு ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. கதவைப் பிடித்துத் தொங்கித் தப்பித்தாள்.

இதையெல்லாம் நைனாவிடம் சொன்னேன். என் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். மனுஷர் முகமே கறுத்துப்போய்விட்டது.

"கேபிள் குத்தமில்ல சார் இது. சக்கரத்துக்குள்ள கீற டிரம்மு குத்தம். பானைக்குள்ள கைய வுட்டுத் தேய்ச்சா வண்டி நிக்குமா? மழைத்தண்ணி பூந்தா அதுவும் பூடும். பின்னாடி ரெண்டுக்கும் டிஸ்க்கு போட்டுர்றேன்."

"ஐயா, வேண்டாம். கேபிளை மட்டும் இறுக்குங்க, போதும்."

"சரி சார்" என்றார். சாயங்காலம் போனால் என் கார் பின்சக்கரங்கள் இல்லாமல் செங்கல் மேல் உட்கார்ந்திருக்கிறது. கழற்றிய டிரம் ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு, அதன் மேல் நைனா உட்கார்ந்து டீ குடிக்கிறார்.

அந்தக் காலத்தில் நம் ஊர்க் கார்களில் டிஸ்க் பிரேக்கை யார் கண்டது? புதுப்பேட்டையில் உடைக்க வந்த ஏதோ ஒரு ஃபாரின் காரிலிருந்து இரும்புத் தட்டு இரண்டும், அவற்றைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பர் இரண்டும் கழற்றி வந்துவிட்டார்.

"இது நம்ம வண்டிக்குச் சேருமா?"

"சேத்தா சேரும்."

சேரவில்லை. தட்டு பெரிசு, சக்கரம் சின்னது. கடைசல் பட்டறைக்குப் போய்த் தட்டு இளைத்து வந்தபோது, காலிப்பரை மாட்ட இடமில்லை. அதைத் தாங்க ஒரு இரும்புப் பட்டை அடித்தார். வளைந்தது. இன்னொன்று அடித்தார்.

அத்தனை நாளும் சாரதா சைக்கிள் ரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்தாள். அடையாறு பாலத்து ஏற்றத்தில் மிதிப்பவர் திணறுவதைப் பார்க்கச் சகிக்காமல் கண்ணை மூடிக்கொள்வாளாம். தினமும் லேட். மூன்றாவது வாரம் தலைமையாசிரியை கூப்பிட்டு, இந்த மாதம் முழுக்க இப்படியே போனால் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டாள்.

ஒருவழியாக வெள்ளோட்டம். லஸ் முனையில் பிரேக்கை மிதித்தேன். சும்மா சொல்லக்கூடாது, வண்டி ஆணி அடித்தாற்போல் நின்றது. "பாத்தியா! பாத்தியா நைனா!" என்று பக்கத்து சீட்டில் குதித்தார். நான் காலை எடுத்தேன். வண்டி நகரவில்லை. பிடித்த பிரேக் விடவே இல்லை. பின்னால் பஸ் டிரைவர், "யோவ் சாவுகிராக்கி, வண்டிய வெச்சிக்கினு இன்னா வேடிக்க காட்றே?" என்று கத்துகிறார்.

நைனா தலையைச் சொறிந்தார். "டிரம்முன்னா ஸ்பிரிங்கு இழுத்துக்கும். இதுக்கு அது இல்ல. முன்னாடி சிலிண்டர்ல ஒரு வால்வு எண்ணெய்ய வுடாம புடிச்சிக்கினு கீது."

அதற்கு ஒரு வாரம். பிறகு, எந்தக் கேபிளுக்காகப் போனேனோ அந்தக் கேபிள்! டிஸ்க்குக்கு மாற்றியபின் பழைய கேபிள் ஒரு சாண் எட்டவில்லை. ஸ்கூட்டர் கிளட்ச் ஒயரைக் கட்டினார், அறுந்தது. சைக்கிள் பிரேக் ஒயர் இரண்டை முறுக்கிக் கட்டினார், அது ரப்பராக நீண்டது. லீவரை என் கக்கம்வரை இழுத்தும், வண்டி தன்பாட்டுக்கு நடந்துபோனது.

எனக்குப் பொறுக்கவில்லை. "யோவ், நீ மனுஷனாய்யா? அவ வேலை போயிடும்யா!" என்று நடுத்தெருவில் கத்தினேன். அழுகை வந்துவிட்டது. நைனா ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் காலையில் கார் என் வீட்டு வாசலில் நின்றது.

"கால் பிரேக்கு கும்முனு கீது சார். ஹேண்ட்பிரேக் கேபிளு பம்பாய்லேந்து வரணும். சொல்லி வுட்டுக்கீறேன்."

"அதுவரைக்கும் சரிவுல எப்படி நிறுத்தறது?"

"அதுவரிக்கும் நான் கீறேன்ல" என்று சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

பள்ளிக்கூட வாசலில் எங்களுக்கு முன்னால் வந்து நின்றிருந்தார். கையில் ஒரு பெரிய முட்டுக்கட்டை. கபாலி கோயில் தேர் திரும்பும்போது சக்கரத்துக்கு அடியில் போட்டு நிறுத்துவார்களே, அதேதான். அவருடைய அப்பா காலத்திலிருந்து தேருக்குக் கட்டை போடுகிற குடும்பமாம். எனக்கு இது அன்றைக்குத்தான் தெரியும். வண்டி நின்றதும் பின்சக்கரத்துக்கு முன்னால் அதைச் செருகி, குந்தி உட்கார்ந்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டார்.

"எறங்கும்மா. அவசரமே வாணாம். தேரே நின்னுக்கினு கீது, இது இன்னா."

சாரதா நிதானமாக இறங்கினாள். முதல் மணி அடிக்க இன்னும் ஐந்து நிமிஷம் இருந்தது.

காலையும் சாயங்காலமும் வந்தார். கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு கொட்டுகிற மழையிலும் வந்தார். சாரதாவின் வேலை நிரந்தரமாயிற்று. ஒருநாள் கேபிளும் வந்துவிட்டது. மாட்டி இழுத்தால், சரிவில் வண்டி அசையக் காணோம். அவ்வளவு துல்லியமான வேலை. மறுநாள் பள்ளிக்கூட வாசலில் பார்த்தால், கட்டையும் கையுமாக நைனா!

"அதான் கேபிள் போட்டாச்சே!"

"போட்டாச்சு சார். ஒயர்தானே அது? இன்னிக்கு ஒருநாள் பாத்துட்டுப் பூட்றேன்."

அந்த ஒருநாள் ஒரு வருஷம் போயிற்று. பட்டறையை விட்டுவிட்டு இந்த மனுஷர் இப்படி வந்து உட்காருகிறாரே என்று எனக்குத்தான் எரிச்சலாக வரும். ஒரு காலையில், பாலத்தில் கட்டையைக் கேரியரில் வைத்துக்கொண்டு, தலை குனிந்து சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்த நைனாவை நாங்கள் தாண்டிப் போனோம்.

சாரதா என் கையைத் தொட்டாள். "கொஞ்சம் மெதுவாப் போங்க. அவர் முதல்ல போய்ச் சேரட்டும்."