கிளென் ஈடனில் ஏடு தொடக்கிய சனிக்கிழமை

கிளென் ஈடன், ஓக்லாந்து
03.10.1987

அன்புத் தங்கச்சி அன்னபாக்கியத்துக்கு, தென்துருவத்துக்கு அடுத்த வீட்டிலிருந்து அண்ணன் இராசநாயகம் எழுதிக்கொள்வது. இங்கு உன் கணவர் தவராசாவும் மகள் கோசலாவும் நானும் சுகம். கொழும்பில் நீ சுகமாக இருக்கவும் உன் விசா கெதியில் வரவும் எல்லாத் தெய்வங்களுக்கும் மனுப் போட்டிருக்கிறேன்.

ரெலிபோனில் நீ "சாப்பிட்டியே குஞ்சு?" என்று கேட்க, கோசலா "யெஸ் மம், ஓகே மம்" என்று ரிசீவரை என்னிடம் நீட்டிவிட்டாள் என்றும், "பிள்ளைக்குத் தமிழ் போய்விட்டது, இனி நான் வந்துதான் அவளோடு என்ன கதைக்கப்போகிறேன்" என்றும் அழுது எழுதியிருந்தாய். தவராசாவுக்கு விரிப் பக்கத்துத் தொழிற்சாலையில் இரவு வேலை, பகலில் நித்திரை. பிள்ளை யாரோடு கதைப்பது? அதனால் உன் கடிதம் வந்த அன்றே நான் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம் ஸ்தாபித்தேன். பத்மாவதி ரீச்சர் முன்னமே இங்குள்ள ஊர் மண்டபத்தில் சனிக்கிழமைகளில் படிப்பித்து வந்தா என்பது வேறு விஷயம். மண்டபச் சாவி இப்போது என்னிடம்; சாவி யாரிடம் இருக்கிறதோ அவன்தானே அதிபர்?

விசயதசமி இந்த முறை வெள்ளிக்கிழமை. தொழிற்சாலைகளில் லீவு தரமாட்டார்கள். ஆகவே சரசுவதியுடன் கலந்தாலோசித்து ஏடு தொடக்கலைச் சனிக்கு மாற்றினேன். அவவும் மறுப்புச் சொல்லவில்லை. பிஜிக்காரர் பால் கோவிந்த் தன் பேக்கரித் தட்டுகளைத் தந்தார். அதில் பச்சையரிசி பரப்பி, பிள்ளைகளை நிலத்தில் வரிசையாக இருத்தி, நானே குருவாகி விரல் பிடித்து 'அ' எழுதுவித்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் என்று சிரிப்பாய்; 'அ' முதலாம் வகுப்பிலேயே வந்துவிடுகிறது. கோசலா மட்டும் விரலை மடக்கிக்கொண்டு "ஐ டோன்ட் வான்ட் டு" என்றாள்.

"விடுங்கோ அண்ணை, பிள்ளையை வெருட்டாதேங்கோ" என்றா ரீச்சர். நான் எங்கே வெருட்டினேன்? கொஞ்சம் கர்ஜித்தேன், அவ்வளவுதான்.

பக்கத்து அறையில் வெள்ளைக்காரக் கிழவிகள் கம்பளத்தில் பந்து உருட்டி விளையாடும் சங்கம் ஒன்று. அதில் மிஸ்ஸிஸ் டன்பார் என்பவ சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தா. அகதிப் பிள்ளைகள் வெறும் நிலத்தில் இருந்து, சமைக்காத அரிசியை விரலால் அளைகிறார்கள், மீசைக்காரன் ஒருவன் அதட்டுகிறான். அவவுக்கு அழுகை வந்துவிட்டது. ஓடிப்போய்ச் சங்கத்தையே கூட்டிக்கொண்டு, தங்கள் தேநீருக்கு வைத்திருந்த கேக், சான்ட்விச், இறைச்சி அடைத்த சொசேஜ் ரோல் எல்லாவற்றோடும் வந்தா. நான் என் ஆங்கிலத்தில் தெளிவாக விளக்கினேன்: "மேடம், நோ ஈட். திஸ் ரைஸ், காட்." கிழவி இன்னும் பலமாக அழுதா.

அழுதபடியே கோசலாவுக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்து ஒரு சொசேஜ் ரோலை நீட்டினா. புரட்டாசிச் சனி! நான் பாய்ந்து தடுக்குமுன் பிள்ளை நிமிர்ந்து, அடுத்த ஊர் நியூ லின் வரை கேட்கக் கத்தினாள்: "எனக்கு வேண்டாம்! இண்டைக்கு விரதம்! மச்சம் திண்டா அம்மா பேசுவா!"

தங்கச்சி, ரீச்சர் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தா. என் கண்ணிலும் அரிசித் தூசு. கிழவிக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனாலும் "சாரி, டியர்" என்று தட்டைப் பின்னால் ஒளித்தா. ஆங்கிலம் தெரிந்த பிள்ளை, ஆங்கிலக் கிழவிக்கு, தமிழில் ஏசியிருக்கிறாள்! பிறகு தானாகவே விரலை நீட்டினாள்.

ஆகவே அழாதே. நாளைக்கு ரெலிபோன் எடுக்கும்போது சாப்பிட்டியே என்று கேளாதே. அதற்கு ஒரு யெஸ் போதும். எதற்காவது ஏசிப் பார். தமிழில் திருப்பித் தருவாள். இக்கடிதம் அதற்குள் வந்து சேராவிட்டால் அடுத்த ஞாயிறு ஏசு.

உன் நெற்றியில் திருநீறு பூசி, விமானச் சீட்டோடு வா என்று வாழ்த்தும்,
அண்ணன் இராசநாயகம் (அதிபர்)

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகையில் கோசலா வந்து என் இடுப்புச் சறத்தை இழுத்தாள். "மாமா, நீங்கள் அரிசி அள்ளேக்க நான் ரெண்டு சொசேஜ் ரோல் திண்டனான். அம்மாவுக்கு எழுதிப்போடாதேங்கோ, என்ன?" "ஏனடி, விரதமெண்டு கத்தினாய்?" "பசி பேந்து, கத்தி முடிஞ்ச பிறகுதானே வந்தது!" எழுதமாட்டேன் என்று சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் ஏசு என்று சொன்னவன், ஏசுவதற்கு ஒரு விஷயமும் தரவேண்டாமா?