மாத்திரை எனக்கு, இளைப்பு மாமாவுக்கு

எல்லாம் அவன் செயல்

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் என் தம்பி மகளுக்கு அத்தை அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதிக்கொள்வது. கடவுள் கிருபையால் இங்கு நானும் உன் மாமாவும் சுகம், என் முட்டி இரண்டும் நீங்கலாக. அங்கு நீயும் உன் அப்பாவும் சுகமாய் இருக்க நித்தமும் வேண்டிக்கொள்கிறேன்.

பத்து கிலோ குறைத்துவிட்டு வந்தால்தான் ஆபரேஷன் என்று முட்டி டாக்டர் சொல்லிவிட்டார் இல்லையா? மண்டி போட்டுச் சாமி கும்பிட்டு ரெண்டு வருஷமாச்சு கண்ணு. நாற்காலியில கால் தொங்கப்போட்டுக் கும்பிட்டா, நான் என்னமோ சாமியை வேலைக்கு எடுக்க வந்த அதிகாரி மாதிரி இருக்கு. சரின்னு எடை குறைக்கிற டாக்டரம்மாகிட்ட போனேன். வாரம் ஒரு ஊசின்னு பேனா மாதிரி ஒண்ணை எடுத்துக் காட்டினாங்க பாரு, செருப்பைக்கூட மாட்டாம வாசலுக்கு வந்துட்டேன். "அம்மா, இந்த வேகத்துல நடக்கிறவங்களுக்கு முட்டி ஆபரேஷன் எதுக்கு?"ன்னு சிரிச்சுக்கிட்டே பின்னாடி வந்து, ஊசி இல்லாம மாத்திரையாவும் இருக்குன்னு சொன்னாங்க. மகராசி நல்லா இருக்கணும். குடும்பத்துல யாருக்காவது தைராய்டு கட்டி இருக்கான்னு ஒரு வார்த்தைதான் கேட்டாங்க. நான் மூணு தலைமுறைக் கதையும் சொல்லி முடிச்சேன். அப்புறம்தான் சீட்டு எழுதினாங்க.

மாத்திரையை வெறும் வயித்துல, ஒரே ஒரு வாய் தண்ணியில முழுங்கணும். அரை மணி நேரம் பச்சைத் தண்ணிகூடப் படக்கூடாது. எழுந்ததும் போட்டுட்டுச் சாமி கும்பிடலாமேன்னு நீ கேப்ப. சாமிக்கு முன்னாடி நான் எதையும் வாயில வெச்சதில்ல, மாத்திரையா இருந்தா மட்டும் ஆச்சா? அதனால கும்பிட்டு முடிச்சு மாத்திரை போட்டா, சரியா அந்த அரை மணிதான் அடுப்பு வேலை. மாமா அச்சாபீசுக்கு ஆறரைக்குக் கிளம்பணும். உப்புப் பாக்க முடியல. ஒருநாள் உப்பே இல்ல, மறுநாள் கடல் தண்ணி. மனுஷன் ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு எழுந்திருவார். ரெண்டு மாசத்துல அவர் கால்சட்டை இடுப்புல நிக்கல.

"ஏண்டி, மாத்திரை முழுங்கறது நீ, இளைக்கறது நானா?"ன்னு கத்தினார்.

"அப்ப வந்து நீங்களே உப்புப் பாருங்க"ன்னேன்.

கல்யாணமான இந்த முப்பத்திரண்டு வருஷத்துல முதல் தடவையா அடுப்பங்கரைக்குள்ள வந்தார். இப்போ கரண்டியை விட மாட்டேங்கறார். காய் வேகலங்கறார், காரம் தூக்கலுங்கறார். எனக்கா, முதல்ல கொஞ்சம் குமட்டல், அப்புறம் பழகிப்போச்சு. பாதிச் சாப்பாட்டுலயே போதும்னு இருக்கு. சாயங்காலம் தெருமுனை வரைக்கும் நடை. எட்டு மாசத்துல பதினோரு கிலோ கண்ணு! ஒரு ஊசி குத்தாம! இனி ஆபரேஷன் ஆனதும் மண்டி போட்டு நெத்தி தரையில படக் கும்பிடுவேன். இந்த மாத்திரை வழியைக் கண்டுபிடிச்ச புண்ணியவான் யாரோ, அவர் பேருக்கும் ஒரு விளக்கு.

உனக்கு நல்ல ஆயுசும், உன் அப்பாவுக்கு நல்ல புத்தியும் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள அத்தை

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது முட்டி ஆஸ்பத்திரி நர்ஸ் போன் பண்ணிச்சு. வியாழக்கிழமை ஆபரேஷனாம். மயக்க மருந்து எப்படிம்மா தருவீங்கன்னு சும்மாதான் கேட்டேன். முதுகுத்தண்டுல ஊசியாம். வேண்டவே வேண்டாம்னு போனை வெச்சிட்டேன். அதுக்கு மாத்திரை ஏதாவது வந்திருக்கான்னு உங்க கடையில விசாரிச்சு உடனே எழுது. அதுவரைக்கும் யார் கேட்டாலும் அத்தை ஊர்ல இல்ல.