மூன்றாம் மேடையில் கருகல் வாடை

"ஏதோ கருகுதும்மா!" படகின் வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினார் மோப்பக்காரர்.

உள்ளே செய்தித்தாளும் கையுமாக இருந்த தலைமையாசிரியை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஓய்வு பெற்றதும் வீட்டை மகளிடம் விட்டுவிட்டு, படகுத்துறையின் மூன்றாம் மேடையில் கட்டிக் கிடக்கும் இந்தப் படகிலேயே குடியேறிவிட்டவர் அவர்.

"போன வாரமும் இதைத்தான் சொன்னீங்க. கடைசியில என் ரொட்டி கருகியிருந்துச்சு."

"இது ரொட்டி இல்லம்மா. பிளாஸ்டிக் உருகுற வாடை. நல்லா மோந்து பாருங்க."

வேண்டாவெறுப்பாக எழுந்து வந்து பக்கத்தில் நின்று மோந்தார். முகம் மாறியது. "அட, ஆமா! இவ்வளவு நேரம் ஒண்ணுமே இல்லையே. நீங்க வந்தப்புறம்தான் வருது."

"அதான். ஒருத்தர் எடுத்துச் சொன்னாத்தான் நமக்கு உறைக்கும்," என்றார் மோப்பக்காரர், கொஞ்சம் பெருமையாகவே.

படகுத்துறையின் தீப் பாதுகாப்பு அவர் பொறுப்பு. மோப்பக்காரர் என்பது ஊழியர்கள் வைத்த பட்டம். அவர் காதிலும் விழுந்தது. சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார். சும்மா ஒன்றும் அவர் மோந்து திரியவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் முதல் மேடையில் இதே வாடை அவருக்கு வந்தது. நமக்கேன் வம்பு, யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று டீ குடிக்கப் போனார். டீ ஆறுவதற்குள் நாலு படகு எரிந்தது. ஒரு சமையல்காரர் தண்ணீரில் குதித்துத் தப்பினார். அவரைக் கைகொடுத்துத் தூக்கியது மோப்பக்காரர்தான். "நீங்க நல்லா இருக்கணும் சார்" என்று அந்த மனிதர் கும்பிட்டபோது, இவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அன்றிலிருந்து வாடை வந்தால் கத்திவிடுவார். இந்த வருடம் மூன்று தடவை கத்தி, மூன்றும் வீண். நேற்றுத்தான் மேலாளர் கூப்பிட்டு, "இன்னொரு தடவை சும்மா மணி அடிச்சே, நேரா டிக்கெட் கவுன்ட்டர்தான்," என்று சொல்லியிருந்தார்.

சட்டைப்பையில் போன் அடித்தது. சலவைக்கடைக்காரர். வெளுக்கப் போட்ட திரைச்சீலையை எடுத்துப்போகச் சொல்லி நச்சரிக்கிற மனிதர். காலையில் கடைக்குப் போனபோது ஆளைக் காணோம். மேசையில் மடித்து வைத்திருந்த சீருடைச் சட்டையை இவரே சூடாக எடுத்து மாட்டிக்கொண்டு, மேலே மிதவைச் சட்டையையும் போட்டுக்கொண்டு ஓடிவந்திருந்தார். மேடையில் கால் வைக்கிறவர் யாரானாலும் மிதவைச் சட்டை போட வேண்டும் என்பது அவரே கொண்டுவந்த விதி. போனை அணைத்து உள்ளே போட்டார்.

கெட்டில், மின்விசிறி, சார்ஜர் எல்லாவற்றையும் பிடுங்கியாயிற்று. வாடை அசையவில்லை.

அடுத்த படகு கேப்டனுடையது. கட்டின கயிற்றின் நீளத்தைத் தாண்டி அவர் படகு ஓட்டி யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் தொப்பி வைத்திருந்தார்.

"கேப்டன், கருகுற வாடை வருதா?"

கேப்டன் கிட்டே வந்து மோந்தார். "ஆமாய்யா! இங்கயும் வருது!"

இரண்டு படகிலும் வருகிறதென்றால் கோளாறு பொதுவான மின்கம்பியில்தான் இருக்க வேண்டும். மோப்பக்காரர் ஓடிப்போய் மேடை முழுவதற்குமான மெயின் சுவிட்சை அணைத்தார்.

"யோவ்! என் பம்பு நின்னுடுச்சு!" என்று அலறினார் கேப்டன். அவர் படகின் அடியில் பழைய ஓட்டை ஒன்று. பம்பு ஓடினால்தான் படகு மிதக்கும்.

"வாளியால இறைங்க கேப்டன்! மத்தவங்க எல்லாரும் கரைக்குப் போங்க!"

இருபது பேர் கரைக்குப் போகும் ஒரே வழியான கேட்டுக்கு ஓடினார்கள். கேட் திறக்கவில்லை. சிகரெட்டும் கையுமாக வெளியாட்கள் நுழைகிறார்கள் என்று ஆறு மாதம் நச்சரித்து மோப்பக்காரர் போடவைத்த மின்சாரப் பூட்டு அது. கரண்ட் இல்லாவிட்டால் இறுக்கிக்கொள்ளும் என்று அப்போது யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

"தள்ளுங்க, நான் பாக்கறேன்," என்று கூட்டத்துக்கு நடுவில் புகுந்தார்.

"ஐயோ, இங்கதான் ஜாஸ்தியா வருது!" என்று யாரோ கத்தினார்கள். கூட்டம் திரும்பி மேடையின் மறுகோடிக்கு ஓடியது. ஒருவரையும் விட்டுவிடக் கூடாதென்று அவரும் கூடவே ஓடினார்.

"இங்கயும் வருது! தீ நம்மளையே துரத்திக்கிட்டு வருதுய்யா!"

இதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. டிக்கெட் கவுன்ட்டர் கண் முன்னால் வந்து நின்றது. கூடவே, தண்ணீரில் தத்தளித்த சமையல்காரரின் முகமும் வந்தது. கையால் அடிக்கும் மணியை ஓங்கி அடித்தார்.

ஐந்தே நிமிடத்தில் மேலாளரும் எலக்ட்ரீஷியனும் சாவியோடு வந்து கேட்டைத் திறந்தார்கள்.

"எங்கய்யா தீ?"

"தேடிக்கிட்டிருக்கேன் சார்."

"தேடுறியா? தீ என்ன தொலைஞ்சுபோன செருப்பா?"

மேலாளர் மேடை முழுக்க நடந்து பார்த்தார். புகை இல்லை, பொறி இல்லை. வாளியோடு ஒரு கேப்டன் மட்டும் இருந்தார். மேலாளர் திரும்பி வந்து கையை நீட்டினார். "சாவிக்கொத்தைக் குடு."

மோப்பக்காரர் கொடுத்தார். "டிக்கெட் கிழிக்கிறதுல எனக்கு ஒரு குறையும் இல்ல சார். ஆனா இங்க யாரு மோந்து பாப்பாங்க?"

ஏதோ ஒரு வாடை மேலாளர் மூக்கிலும் ஏறிய மாதிரி இருந்தது. வெளியே சொல்லிக்கொள்ளவில்லை.

"இந்தக் கூத்து போதும். நான் மக வீட்டுக்குப் போறேன்," என்று தலைமையாசிரியை தன் படகின் மின்கம்பியை மேடையிலுள்ள மின்கம்பத்திலிருந்து இழுத்தார். பிளக் வரவில்லை. எலக்ட்ரீஷியன் கை கொடுத்து இழுத்தார். பாதி பிளக் வந்தது. மீதி கம்பத்திலேயே ஒட்டிக்கொண்டது. வந்த பாதி கன்னங்கரேலென்று உருகிக் கிடந்தது.

எலக்ட்ரீஷியன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்ல வேளை, கரண்ட்டை அணைச்சாங்க. சாயங்காலம் விளக்கு, அடுப்பு எல்லாம் சேர்ந்து ஓடியிருந்தா, பத்திக்கிட்டிருக்கும்."

தலைமையாசிரியை மோப்பக்காரரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நான் அதுக்குப் பக்கத்துலதான் தினமும் தூங்குறேன். எனக்குத் தெரியல. உங்க மூக்குக்குத் தெரிஞ்சுது."

மோப்பக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு வருடமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கினாற்போல இருந்தது. அன்றைக்குப் போனது போகட்டும், இன்றைக்குக் கத்தினோமே!

மேலாளர் சாவிக்கொத்தைத் திருப்பிக் கொடுத்தார். "உன் மூக்கை இன்ஷூர் பண்ணணும்யா. இனிமே நீ எத்தனை மணி வேணா அடி."

"அதெல்லாம் அப்புறம் பேசலாம், யாராவது இன்னொரு வாளி கொண்டாங்கய்யா!" என்று முழங்கால் தண்ணீரிலிருந்து கேப்டனின் குரல் வந்தது. நாலு பேர் ஓடினார்கள்.

"வா, எல்லாருமா ஒரு படம் எடுத்துக்கலாம். அந்த மிதவைச் சட்டையைக் கழட்டு, சீருடை தெரியட்டும்," என்றார் மேலாளர்.

மோப்பக்காரர் கேட்டைத் தாண்டிக் கரைக்கு வந்து, விதிப்படி அங்கேதான் மிதவைச் சட்டையைக் கழற்றினார். ஆணியில் மாட்டத் திரும்பினார். பின்னால் சிரிப்பும் பேச்சும் சட்டென்று நின்றன.

கையில் புதுச் சீருடைச் சட்டையைத் தொங்கவிட்டபடி, மூச்சிரைக்க வந்து நின்ற சலவைக்கடைக்காரர் தலையில் கை வைத்தார்.

"அய்யய்யோ சார்! கைதவறி முதுகுல இஸ்திரிப் பெட்டியை வச்சுக் கருக்கிட்டேன், அந்தச் சட்டையைப் போடாதீங்கன்னு சொல்லத்தானே காலையிலேர்ந்து போன் அடிக்கிறேன். அந்த நாத்தத்தோடயா இவ்வளவு நேரம் சுத்துனீங்க?"