அப்பா பேரில் வந்த வரி ரசீது

யேசு, மரி, சூசை துணை

விழுப்புரம்,
1941 மார்ச் 18

கண்டமங்கலத்தில் வாழும் என் உடன்பிறந்த அக்காள் அமலோற்பவமேரிக்கு, தம்பி சூசைமுத்து பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம் என்று தொடங்குவதுதான் முறை. இருதயமேரி சுகம், பிள்ளைகள் சுகம். என்னைப் பற்றி அப்படி எழுதினால் பொய் சொன்னேன் என்று பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லவேண்டி வரும். மூன்று வாரமாகச் சோற்றுத் தட்டைப் பார்த்தால் இது யாருடைய தட்டு என்று கேட்கிறேன். காரணத்தைக் கீழே எழுதுகிறேன். மாமாவுக்குப் படித்துக் காட்டு. பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் வெளியே அனுப்பிவிடு.

திண்டிவனத்து வீட்டு வரி என்ன ஆயிற்று, நீ கையெழுத்துப் போட்டு அனுப்பிய மனு எங்கே போயிற்று என்று கேட்டிருந்தாய். மனு என் சட்டைப் பையில் வேர்வையில் நனைந்து கிடக்கிறது. என் கட்சி உனக்குத் தெரியும். அப்பா கல்லும் சுண்ணாம்பும் சுமந்து தன் கையால் கட்டிய வீடு. அதை நாம் விலைக்கு வாங்கவில்லை, வாடகைக்கு விடவில்லை, அப்பா செத்ததால் நம்மிடம் வந்தது. அப்பன் செத்ததற்குப் பிள்ளைகள் வருஷத்துக்கு இரண்டு தடவை வரி கட்டவேண்டும் என்றால் அது என்ன நியாயம் என்று ரயில்வே பார்சல் ஆபீசில் என் மேஜைக்கு வருகிற ஒருவர் விடாமல் கேட்டேன். கோழிக்கூடை புக் பண்ண வந்த ஒரு மனுஷன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்து புதுச்சேரி வண்டியைத் தவறவிட்டார். நான் தாலி கட்டிய இருதயமேரி ஒருத்திதான் எதிர்க்கட்சி. "தெருவிளக்குக்கு எண்ணெய் யாரு ஊத்தறது, உங்கப்பாவா?" என்றாள். அன்றைக்கு அதை நான் வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அப்பா இறந்து இரண்டரை வருஷமாக நான் ஒரு காசு கட்டவில்லை. நோட்டீசும் வரவில்லை. வீட்டை ஏலம் போட்டுவிடப் போகிறார்களே என்ற பயத்தில்தான் போன மாதக் கடைசியில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுத் திண்டிவனம் போனேன். வரி வசூலிக்கிற சீனுவாசன் தங்கமான மனுஷர். நாலு பக்க மனுவை ஒரு வரி விடாமல் படித்தார். பிறகு பெரிய புஸ்தகத்தை எடுத்து விரலால் தேடினார்.

"இதுல பாக்கி ஒண்ணும் இல்லீங்களே சார்."

"தள்ளுபடி ஆயிடுச்சா?"

"இல்ல. கட்டியாச்சு. அஞ்சு அரையாண்டும் கட்டியாச்சு. ஒரு நாள் தாமசம் கெடையாது."

"யாரு கட்டினது?"

அவர் புஸ்தகத்தை என் பக்கம் திருப்பினார். கட்டியவர் பெயர் என்ற இடத்தில் ஐந்து தடவையும் சவுரிராயன் என்று எழுதியிருந்தது. அது எங்கள் அப்பா, அவர் இறந்துபோனார், மனுவின் முதல் பக்கத்திலேயே அதை எழுதியிருக்கிறேன் என்றேன். சீனுவாசன் சங்கடத்தோடு, "இருக்கலாம் சார். ஆனா அவரு ஒழுங்காத்தான் கட்டிக்கினு இருக்காரு. நீங்கதான் கட்டமாட்டேன்னு எழுதிக்கினு வந்திருக்கீங்க" என்றார். பணம் வாங்குகிற குமாஸ்தாவைக் கேட்டோம். ஜன்னலுக்கு வெளியே நீட்டுகிற கை மட்டும்தான் தனக்குத் தெரியும், ஒரு நாளைக்கு நூறு கை என்றார்.

யாரோ உறவுக்காரர் செய்த உதவியாக இருக்கும் என்று சீனுவாசன் எனக்குத் தைரியம் சொன்னார். வீடு பூட்டிக் கிடந்தால் காலி வீடு என்று எழுதிப் பாதி வரியைக் குறைக்கலாம், வாங்க, இப்பவே பார்த்துவிடலாம் என்று குடையை எடுத்துக்கொண்டார். நல்ல உச்சிவெயில். கிறிஸ்தவத் தெருவில் ஒரு நாய்கூட இல்லை. நம் வீட்டுப் பூட்டு துருவேறி, சாவித் துவாரத்தில் பூச்சி கூடு கட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் சீனுவாசன் சந்தோஷமாக "காலி" என்று எழுதப் பென்சிலை எடுத்தார். நான் பூட்டைத் திறந்து கதவைத் தள்ளினேன்.

அக்கா, இரண்டரை வருஷம் பூட்டிய வீட்டில் தூசி வாடைதானே வரவேண்டும்? கேப்பைக்கூழ் வாடை வந்தது. தரை பெருக்கியிருந்தது. பானையில் விளிம்பு வரை தண்ணீர் இருந்தது. கொடியில் ஒரு துண்டு. அதன் முனையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நான் அடுப்பில் கை வைத்துப் பார்த்தேன். சுட்டது. அப்போது சமையல்கட்டுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். ஆழமாக, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, சுண்ணாம்புத் தூசியிலேயே வாழ்ந்தவர்கள் இருமுகிற இருமல்.

சீனுவாசன் மெதுவாகப் பென்சிலைக் காதில் செருகினார். "சார், இதைக் காலி வீடுன்னு நான் எழுத முடியாது."

"வேற என்னன்னு எழுதுவீங்க?"

"குடியிருப்பு உண்டுன்னு எழுதணும். ஆனா குடியிருக்கிறவரு பேரையும் எழுதணும். அதான் யோசிக்கிறேன்."

அவர் யோசனையைத் தெருவில் வைத்துக்கொள்ளலாம் என்று இருவரும் வெளியே வந்தோம். ஓடினோம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. எதிர்வீட்டு முனியம்மாள் முறத்தோடு நின்றாள். அவளைக் கேட்டேன். "உங்கப்பாதான இருமறாரு, தெனம் கேக்குதே" என்றாள், பால்காரர் வந்ததைச் சொல்வதுபோல. பயமாக இல்லையா என்றதற்கு, "உயிரோட இருந்தப்பவும் இப்படித்தான இருமினாரு. புதுசா என்ன பயம்?" என்று புடைக்கப் போய்விட்டாள்.

பதினைந்து நாள் நான் பட்ட பாட்டை எழுதினால் தாள் போதாது. மறுபடியும் போய்ப் பார்க்காமல் இருக்க முடியாது என்று இருதயமேரி சொல்லிவிட்டாள். அப்பா ஆத்துமம் இளைப்பாறாமல் இருந்தால் பூசை வைக்கவேண்டும், திருடன் இருந்தால் விரட்டவேண்டும், இரண்டில் எது என்று தெரியாமல் எதற்கு ஏற்பாடு செய்வது என்றாள். நேற்று முன்தினம் ஞாயிற்றுக்கிழமைப் பூசை கண்டுவிட்டுப் போனேன். சீனுவாசனும் வந்தார். என் கையில் ஜெபமாலை, அவர் மடியில் எலுமிச்சம்பழமும் விபூதிப் பொட்டலமும். இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

இந்தத் தடவை பின்பக்கம் போனோம். அப்பா வைத்த கதவில் ஒரு சின்ன இடுக்கு. அதில் ஈர்க்குச்சியை விட்டால் உள்தாழ்ப்பாள் தூக்கிக்கொள்கிறது, இத்தனை வருஷம் எனக்குத் தெரியாது. கதவு திறந்துதான் இருந்தது. அடுப்பின் முன்னால் தலையில் துண்டு சுற்றி ஓர் உருவம் உட்கார்ந்திருந்தது. எனக்கு "அப்பா" என்று வாயில் வந்துவிட்டது. உருவம் திரும்பிப் பார்த்து, எழுந்து, சுவரோடு ஒட்டிக்கொண்டது. அஞ்சம்மாள். அப்பா மேஸ்திரியாக இருந்தபோது அவரிடம் இருபது வருஷம் சித்தாளாக வேலை செய்தாளே, சுண்ணாம்பு குழைப்பாளே, அவள். கிழவியாகிவிட்டாள். இருமல் அவளுடையது.

"அடிக்காதீங்க சாமி. நான் ஒண்ணும் எடுக்கல. என் குடிசை மழையில உக்காந்துடுச்சு. எங்க போறதுன்னு தெரியல."

யாரும் அடிக்கவில்லை, உட்கார் என்றேன். உட்காரவில்லை. வெளியே போகச் சொன்னால் மூட்டையைக் கட்டிக்கொள்கிறேன் என்றாள். கடலை மண்டியில் மல்லாட்டை உரிக்கப் போய் வயிறு கழுவுகிறாளாம். விளக்கு ஏற்றினால் தெரிந்துவிடும் என்று இருட்டிலேயே இருந்திருக்கிறாள். சுவரைத் தடவிக்கொண்டே அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"இந்தச் செவுத்துக்கு நான்தான் சுண்ணாம்பு குழைச்சேன். மேஸ்திரி வரி ரசீதை எடுத்தாந்து எனக்குக் காட்டுவாரு. எனக்குப் படிக்கத் தெரியாது. பாரு அஞ்சம்மா, சர்க்காரு புஸ்தகத்துல என் பேரு இருக்குது, நம்ம ஜனத்துல எவன் பேரு இப்படி ஏறியிருக்குது, வரி கட்டற வரைக்கும் நம்மள யாரும் எழுந்துபோன்னு சொல்லமுடியாதுன்னு சொல்வாரு."

அக்கா, நம் தாத்தா யாருடைய நிலத்து ஓரத்தில் குடிசை போட்டிருந்தார், எத்தனை தடவை அதைப் பிரித்துக்கொண்டு போகச் சொன்னார்கள் என்பதெல்லாம் எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அப்பா ஒரு நாளும் வரியைத் திட்டி நான் கேட்டதில்லை. திட்டியது ரயில்வே சம்பளம் வாங்குகிற நான். கூழுக்கே இல்லாத இந்தக் கிழவி, வீடு ஏலம் போகாமல் இருக்க அஞ்சு தடவை மேஸ்திரி பேரில் வரி கட்டியிருக்கிறாள், அதைப் பற்றி வாய் திறக்கவும் இல்லை. கேட்டு அவளைக் கூசவைக்க எனக்கும் மனம் வரவில்லை. சீனுவாசன் மூக்கைச் சிந்திவிட்டு, "குடியிருப்பு உண்டு, அஞ்சம்மாள்" என்று எழுதிக்கொண்டார்.

ஆகையால் மனுவைக் கொடுக்கவில்லை. பரம்பரை வீட்டுக்கு வரி போடட்டும். இனிமேல் நான் கட்டுகிறேன். அஞ்சம்மாள் சாகிற வரைக்கும் முன்கதவைத் திறந்துவைத்து, விளக்கேற்றி, அங்கேயே இருக்கட்டும். உனக்குப் பாதி பாத்தியதை உண்டு, உன் சம்மதத்தை எழுது. இருதயமேரி சந்தோஷப்பட்டாள், ஜெயித்ததில்.

மாமாவுக்கு என் வந்தனம். மருமகள் லூர்துசெல்விக்கு என் ஆசீர்வாதம். தேவமாதா உங்கள் கூரையையும் அதன் கீழுள்ளவர்களையும் காப்பாளாக.

உன் அன்புத் தம்பி
சூசைமுத்து

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகிற நேரத்தில் அஞ்சம்மாளே பகல் வண்டியில் இங்கே வந்துவிட்டாள். எனக்கு நன்றி சொல்ல மடியில் மல்லாட்டை கொண்டுவந்திருந்தாள். நான்தான் உனக்கு நன்றி சொல்லவேண்டும், இரண்டரை வருஷம் வரி கட்டினாயே என்றேன். விழித்தாள். "நான் எங்க சாமி கட்டினேன்? நான் அங்க வந்ததே போன ஐப்பசி மழையிலதான். நீங்க கட்டிக்கினு இருக்கீங்கன்னு நெனச்சேன்" என்றாள். அதோடு விட்டிருக்கலாம். "நான் வந்த அன்னிக்கே வீடு பெருக்கியிருந்துச்சு, பானையில தண்ணி இருந்துச்சு. யாரோ பாத்துக்கினு இருக்காங்கன்னுதான் தைரியமா தங்கினேன்" என்றாள். இருதயமேரி சிலுவை போட்டுக்கொண்டு, அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகாதே, இங்கேயே இரு என்று கையைப் பிடித்தாள். அஞ்சம்மாள் கேட்கவில்லை. "யாரா இருந்தா என்னம்மா, என்னைப் போன்னு சொல்லலையே" என்று அடுத்த வண்டிக்கே புறப்பட்டுவிட்டாள். அக்கா, நீயோ மாமாவோ கட்டியிருந்தால் உடனே ஒரு வரி எழுது. கட்டவில்லையென்றால் எழுதவேண்டாம்.