எழவு வீட்டில் டிஸ்கோ பம்பரம்

கண்ணாடி மூடிய ஐஸ் பெட்டியின்மேல் மூத்த சம்பந்தி மாலையை வைத்த அதே நேரத்தில், பந்தல்காலில் கட்டியிருந்த குழாய் ரேடியோ கூவியது.

"பம்பரம் பம்பரம், டிஸ்கோ பம்பரம்!"

ஜெகதீஸ்வரன் விறுவிறுவென்று மைக்செட் போட்டிருந்த இடத்துக்குப் போனான். பெட்டிக்குள் படுத்திருந்தவர் அவனுடைய அப்பா ராமசுப்பு. எம்.ரெட்டியபட்டிப் பக்கம் பருத்தியும் சோளமும் போட்டவர். சிரித்தால் பல் தெரிந்துவிடுமே என்று பயந்தவரைப் போல எழுபது வருசம் வாழ்ந்தவர். ஒன்பதாம் வகுப்பு ஆண்டு விழாவில் மகன் ஆடினான் என்பதற்காக ஒரு வாரம் அவனோடு பேசாமல் இருந்தவர்.

"டேய் அசோக்கு, என்னடா இது?"

"பாட்டுண்ணே."

"எழவு வீட்டுல போடுற பாட்டாடா?"

"அது வந்துண்ணே..."

"வரவும் வேணாம், போகவும் வேணாம். சாமி பாட்டு போடு."

அசோக்கை மட்டும் குற்றம் சொல்லி என்ன? அந்த வட்டாரமே அப்படித்தான் இருந்தது. ஒரு காலத்தில் ஊர் ஊராய் ஆட்டிவைத்த டிஸ்கோ, பிறகு சீண்ட ஆளில்லாமல் கிடந்தது. இந்தத் தை மாதம் ஏதோ ஒரு படத்தில் இந்தப் பாட்டு வந்தது. படம் ஓடவில்லை, பாட்டு ஓடிவிட்டது. அருப்புக்கோட்டைத் தையல்கடைகளில் பெல்பாட்டம் தைக்க ஆள் நின்றது. திருச்சுழி பஸ்ஸில் டிரைவர் தலைக்கு மேலே கண்ணாடி உருண்டை சுற்றியது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு பழைய டிஸ்கோப் பாட்டுகளெல்லாம் தூசி தட்டி எழுந்து வந்தன. காதுகுத்து, சடங்கு, கட்சிக் கூட்டம் எங்கும் அதுதான். கோயம்புத்தூரில் வேலை பார்த்துக்கொண்டு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும் ஊருக்கு வரும் ஜெகதீஸ்வரனுக்கு, இது சாவு வரைக்கும் வந்துவிட்டது தெரியாது.

பாட்டு நின்றது. உள்ளே அம்மா முருகேஸ்வரியின் அழுகை ஓங்கியது.

'இந்தக் கூத்தைக் கேட்டு எவ்வளவு நொந்திருப்பாள்' என்று நினைத்துக்கொண்டான்.

சாமி பாட்டு தொடங்கியது. மாரியம்மன் பாட்டுதான். ஆனால் அடியில் அதே 'டிஷ்க்கு டிஷ்க்கு'. வாசலில் நின்ற இளவட்டங்களின் தோள்கள் தாமாகக் குலுங்கின.

"இதென்னடா?"

"இப்ப சாமி பாட்டும் இப்பிடித்தாண்ணே வருது."

"அப்ப எதுவும் வேணாம். அமத்து!"

சித்தப்பா மகன் சண்முகவேல் ஒரு யோசனை சொன்னான். "அண்ணே, திருச்சுழியில நல்ல நாயனக்காரர் இருக்காரு. அவரு வாசிச்சாருன்னா கல்லும் அழுகும்."

நாயனக்காரர் வந்தார். கண்ணை மூடி, இழுத்து இழுத்து ஒரு சோக ராகம் வாசித்தார். கூட்டம் கண்ணைத் துடைத்தது. ஜெகதீஸ்வரனுக்கே அப்போதுதான் முதன்முதலாக அழுகை வந்தது. ராகம் மேலே ஏறியது, வளைந்தது, இறங்கும்போது பம்பரத்தில் வந்து விழுந்தது. தவில்காரர் சந்தோசமாகச் சேர்ந்துகொண்டார்.

"மன்னிச்சுக்கங்க தம்பி. நாலு மாசமா எல்லா விசேசத்துலயும் இதத்தான் கேக்காக. வெரலு அங்கனயே போயிருது" என்று நாயனக்காரர் தலைகுனிந்தார்.

முருகேஸ்வரி எழுந்து நடை வரைக்கும் வந்துவிட்டாள். ஜெகதீஸ்வரன் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தான்.

"நிப்பாட்டிட்டேம்மா. நீ உள்ள போ."

அவள் மகன் முகத்தைப் பார்த்தாள். என்னமோ சொல்ல வந்தவள், கூட்டத்தைப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

ஒப்பாரியாவது ஒழுங்காக நடக்கட்டும் என்று வெள்ளைத்தாயை அழைத்தான். சுற்றுப்பட்டு ஊர்களில் ஒப்பாரிக்கு அவளை விட்டால் ஆளில்லை. அவள் மாரில் அடித்துக்கொண்டு, "சோளக்கொல்லை காத்தவரே, சொல்லாமப் போனவரே" என்று எடுத்தாள். இரண்டாவது அடியில் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மெட்டு அதேதான்.

"நான் என்னப்பா செய்ய? பழைய மெட்டுல எடுத்தா கூடப் பாட ஒருத்தியும் வரமாட்டேங்கா."

ஜெகதீஸ்வரனின் பொறுமை அறுந்தது. பந்தல் மூலைக்குப் போய், அசோக்கின் சாமான்களுக்கு ஓடிய வயர் என்று நினைத்து ஒன்றைப் பிடுங்கினான். படீரென்று ஒரு சத்தம். வீடு முழுக்கக் கரண்டு போயிற்று. ஐஸ் பெட்டியின் இரைச்சலும் அடங்கியது.

சித்திரை வெயில் தகரக் கூரையில் கொதித்தது. கூட்டம் பதறியது.

"ஜெனரேட்டர் இருக்குண்ணே" என்றான் அசோக்.

"போடுறா சீக்கிரம்!"

ஜெனரேட்டர் உறுமியது. ஐஸ் பெட்டி ஓடியது. அதோடு சேர்ந்து பம்பரமும் சுற்றத் தொடங்கியது. இளவட்டங்கள் இந்தத் தடவை கூச்சத்தை விட்டுவிட்டார்கள்.

ஜெகதீஸ்வரன் பந்தலின் நடுவில் வந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டான்.

"ஒங்க எல்லார் கால்லயும் விழுகுறேன். எங்கப்பா மானம் மரியாதையா வாழ்ந்த மனுசன். எங்கம்மா உள்ள துடிச்சுக்கிட்டுக் கெடக்கா. அவளுக்காகவாச்சும் இத விட்டுருங்க."

ஆடியவர்கள் வெட்கிப்போனார்கள். அசோக் மைக்செட்டை நிறுத்தி, குழாய் ரேடியோவையும் அவிழ்த்துக் கீழே வைத்தான். அதற்குப் பிறகு சங்குச் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. குளிப்பாட்டுவதற்கு நீர்மாலை எடுத்து வந்தார்கள். ராமசுப்புவைப் பாடையில் வைத்துத் தூக்கினார்கள். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற முருகேஸ்வரியின் கதறல் தெருமுக்கு வரைக்கும் கேட்டது.

கொள்ளிச்சட்டியோடு முன்னால் நடந்த ஜெகதீஸ்வரனுக்கு, துக்கத்துக்கு நடுவிலும் ஒரு நிறைவு இருந்தது. அப்பாவைக் கௌரவமாக அனுப்பியாயிற்று. அம்மாவின் மனசைக் காப்பாற்றியாயிற்று.

தெரு திரும்பும் இடத்தில் அசோக் பக்கத்தில் வந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கூடவே நடந்தான்.

"கோவிச்சுக்கிட்டியாடா?" என்றான் ஜெகதீஸ்வரன்.

"அதெல்லாம் இல்லண்ணே. காலையில ஒங்கம்மாதான் போன் போட்டு, 'நானும் அவுகளும் தெனமும் கதவச் சாத்திக்கிட்டு ஆடுன பாட்டுப்பா, அவுகள எடுக்குற வரைக்கும் நிப்பாட்டிராத'ன்னு சொன்னாக."