மாமனார் வீட்டில் இடைவேளை வரை ஓடிய படம்

சின்ன வயதில் உயிராக நினைத்த சினிமாவை வளர்ந்த பிறகு மாமனார் வீட்டில் போட்டுக் காட்டக் கூடாது. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். அந்த வயதில் நான் ஒன்றை முடிவுசெய்துவிட்டால் அதற்கப்புறம் மூளைக்கு விடுமுறைதான்.

படம் எண்பதுகளில் வந்தது. பெயரைச் சொல்ல மாட்டேன் (அதில் நடித்தவர்களுக்கும் பேரன் பேத்திகள் இருப்பார்கள்). குடை ரிப்பேர் செய்யும் கதாநாயகனுக்கு ஒரு மந்திரக் குடை கிடைக்கிறது. விரித்தால் பூதம் வரும். அதைப் பறிக்க ஒரு மந்திரவாதி, மந்திரவாதிக்குத் துணையாக ஒரு புலி. ஐந்து நிமிடத்துக்கு ஒரு சண்டை, மூன்று நிமிடத்துக்கு ஒரு சிரிப்பு. கோயம்புத்தூரில் அரை டிராயர் வயதில் அதைப் பார்த்துவிட்டு, இதைவிடப் பெரிய படம் இனி வரப்போவதில்லை என்று தீர்மானித்தேன். இன்ஜினியரிங் படித்து, புனே பக்கத்துச் சாகணில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் சேர்ந்து, முன்மண்டையில் முடி கொட்ட ஆரம்பித்த பிறகும் அந்தத் தீர்மானத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

பெண் பார்க்கப் போன இடத்தில் ரேவதியோடு தனியாகப் பேசச் சொன்னார்கள். மற்ற மாப்பிள்ளைகள் வேலை, சம்பளம் என்று பேசியிருப்பார்கள். நான் இந்தப் படத்தின் கதையைச் சொன்னேன். முழுக் கதையையும். அவள் புனேயிலேயே பிறந்து வளர்ந்தவள், தமிழ்ப் படமே அதிகம் பார்த்ததில்லை.

“குடைக்குள்ள பூதமா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்லிவிட்டாள்தான். ஆனாலும் அந்தக் கேள்வி எனக்குள் முள்ளாக நின்றது. இவளை உட்காரவைத்து அந்தப் படத்தைக் காட்டி, இவள் வாயாலேயே ‘பிரமாதம்’ என்று சொல்லவைக்காமல் விடுவதில்லை என்று முடிவுசெய்தேன்.

புனே கேம்ப் பகுதியில் தமிழ்ப் பட சிடி விற்கும் கடை ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போய் நின்றேன். நாளடைவில் என் தலையைக் கண்டதும் கடைக்காரர் ஷட்டரில் கையை வைக்க ஆரம்பித்தார். கடைசியில், எங்கள் தலை தீபாவளிக்குச் சற்று முன்பு, சென்னையிலிருந்து வரவழைத்துக் கொடுத்தார். இரண்டு டிஸ்க். இடைவேளை வரை ஒன்று, மீதி இன்னொன்று.

மாமனார் வேலூர்ப் பக்கத்துக்காரர். ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்துகொண்டே புனேயிலேயே விஷ்ராந்த்வாடி என்ற இடத்தில் ஃபிளாட் வாங்கியவர். தீபாவளியன்று சாப்பாடு முடிந்ததும் அவர், மாமியார், கல்லூரியில் படிக்கும் மச்சான் சுரேஷ், ரேவதி எல்லோரையும் டிவி முன்னால் உட்காரவைத்தேன். சக்லி, சிவ்டா (நம் முறுக்கு, மிக்சர்தான்) தட்டோடு வந்த பக்கத்து வீட்டு குல்கர்ணி காக்குவையும் விடவில்லை. (காக்கு என்றால் மராத்தியில் சித்தி. அவருக்குத் தமிழ் ஒரு வார்த்தையும் தெரியாது. நல்ல படத்துக்கு மொழி எதற்கு?)

படம் ஓடியது. சிரிப்புக் காட்சிகளில் வீடே அமைதியாக இருந்தது. சண்டைக் காட்சிகளில் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“அந்த ராஜகுமாரி எத்தினி நாளா ஒரே ஜாக்கெட்டைப் போட்டுனு கீறா?” என்றார் மாமியார்.

“ஜீஜாஜி, அந்தப் புலி... தையல் தெரியுது. பொம்மை ஹை நா?” என்றான் சுரேஷ். அத்தானைத்தான் இந்தியில் ஜீஜாஜி என்பான்.

காக்கு மந்திரவாதியைத்தான் கதாநாயகன் என்று நினைத்திருந்தார். அவன் அடி வாங்கும்போதெல்லாம் “அரே தேவா!” என்று வருத்தப்பட்டார். ரேவதி மட்டும் வாயைத் திறக்கவில்லை. நான் திரையைப் பார்த்ததைவிட அவள் முகத்தைப் பார்த்ததுதான் அதிகம். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

இடைவேளைக்கு முன்னால் அந்தச் சண்டை வந்தது. கதாநாயகன் கட்டிலிலிருந்து தாவி, சுவரில் ஒரு காலை உதைத்து, காற்றில் ஒரு சுற்றுச் சுற்றி, ஜன்னலுக்கு வெளியே நிற்கும் குதிரைமேல் போய் உட்காருவார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இதற்கு மயங்காதவர் மனிதரே இல்லை.

“அங்க பாருங்க மாப்பிள்ளை, இடுப்பாண்ட கம்பி தெரியுது” என்றார் மாமனார். “மூணு எம்எம் இருக்கும். பக்கா.”

“கம்பியெல்லாம் இல்லீங்க மாமா. அவரே பண்ணுனதுங்க.”

“மனுசனால ஆவாது மாப்பிள்ளை.”

“ஆகுமுங்க. நானே சின்ன வயசுல எங்க காம்பவுண்டு சுவத்துல பண்ணியிருக்கேனுங்க.” (பண்ணியது உண்மை. பண்ணி விழுந்ததும் உண்மை.)

“ஜீஜாஜி, கர்கே திகாவோ நா!” என்றான் சுரேஷ். செய்து காட்டுங்கள் என்கிறான்.

“வேணாங்க, பிளீஸ். பைத்தியமா உங்களுக்கு?” என்றாள் ரேவதி. அன்று அவள் முதன்முதலாக வாயைத் திறந்தது அப்போதுதான்.

அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் என் படத்தின் மானம், என் மானம், கோயம்புத்தூரின் மானம் எல்லாம் அந்த ஹாலில் ஊசலாடிக்கொண்டிருந்தன. முதல் டிஸ்க் முடிந்து திரையில் ‘இடைவேளை’ என்று வந்தது. நான் ஜரிகை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு திவான் கட்டில்மேல் ஏறினேன். எதிரில் இருந்த சோபாதான் குதிரை.

தாவினேன்.

வேட்டி ஷோகேஸ் கைப்பிடியில் மாட்டி அங்கேயே தங்கிவிட்டது. நான் மட்டும் பயணத்தைத் தொடர்ந்தேன். (உள்ளே டிராயர் போட்டிருந்தேன். அன்று நான் எடுத்த ஒரே நல்ல முடிவு.) சுவரை உதைக்க நீட்டிய கால் காலண்டரில் பட்டு, காலண்டரோடு வழுக்கியது. சுற்று பாதியில் நின்றது. சக்லி வைத்திருந்த டீப்பாய்மேல் விழுந்து, அங்கிருந்து உருண்டு டிவி ஸ்டாண்டை இடித்தேன். கனமான பழைய பெட்டி டிவி அது. மெதுவாக என்னை நோக்கிச் சாய்ந்தது.

அப்போதுதான் நிஜமான சண்டைக் காட்சி நடந்தது. ஓய்வு பெறப்போகிற வயதில் இருந்த என் மாமனார் நாற்காலியிலிருந்து எகிறி, ரேவதியைத் தாண்டி, என்னையும் தாண்டி வந்து, டிவியை நெஞ்சோடு கட்டிப் பிடித்தார். கம்பி இல்லாமல்.

காக்கு மட்டும் கைதட்டினார். “அக பாய்! ஏக்தம் பிக்சர்சாரக்க!” அப்படியே சினிமா மாதிரி இருந்ததாம்.

என் இடது மணிக்கட்டு வீங்க ஆரம்பித்திருந்தது. மெயின் ரோடு கிளினிக்குக்கு ஆட்டோவில் கூட்டிப்போனார்கள். எலும்பு விரிசல். எப்படி ஆனது என்று டாக்டர் இந்தியில் கேட்டார்.

“பிக்சர் தேக் ரஹே தே” என்றார் மாமனார், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். படம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

மாவுக்கட்டோடு திரும்பும்போது ஆட்டோவில் ரேவதி என் பக்கத்தில் இருந்தாள். வலியில் உயிர் போனது. ஆனாலும் நான் வந்த காரியத்தை விடவில்லை.

“படம் எப்படி இருந்துச்சு?” என்று கேட்டேன்.

அவள் என் மாவுக்கட்டைப் பார்த்தாள்.

“முதல் பாதி சுமார்தாங்க” என்றாள். “இடைவேளைக்கு அப்புறம் பிரமாதம்.”

சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் ஆட்டோக்காரர் வண்டியை ஓரங்கட்டித் திரும்பிப் பார்த்தார். முன்னால் உட்கார்ந்திருந்த மாமனாரின் தோள் குலுங்கியது. நான் கேட்க நினைத்த வார்த்தை கிடைத்துவிட்டது. வேறு என்ன வேண்டும்?

அதிலிருந்து அந்த வீட்டில் கல்யாணமோ காதுகுத்தோ, கொஞ்சம் மந்தமாகப் போனால் போதும், “பொறுங்க, மாப்பிள்ளை இன்னும் திவான்ல ஏறல” என்பார் மாமியார். இரண்டாவது டிஸ்க்கை இன்றுவரை யாரும் பார்க்கவில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டுதான் போகிறேன். ஒவ்வொரு தடவையும் டிவியைப் போடுவதற்கு முன் மாமனார் எழுந்து வந்து அதன் பக்கத்தில் நின்றுகொள்கிறார்.

காக்குவுக்கு வயதாகிவிட்டது. போன தடவை மாடியில் புதிதாகக் குடிவந்த குடும்பத்துக்கு என்னை அறிமுகப்படுத்தினார். தமிழ் சினிமா நடிகர் என்று. அவர்கள் வீட்டுப் பெண் ஓடிப்போய் பேனா எடுத்து வந்தாள். நான் மறுத்துச் சொல்ல வாயெடுப்பதற்குள் ரேவதி என் கையைப் பிடித்து அழுத்தினாள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.