பாதி வண்டிக்குக் கோட்டிங்

அக்காள்மடத்து வியாகுலத்தின் வாழ்க்கையில் மூன்று பெரிய முடிவுகள் உண்டு. முதலாவது கல்யாணம், அதை எடுத்தது அவருடைய அம்மா. இரண்டாவது விசைப்படகு, அதை எடுத்தது மாமனார். மூன்றாவதுதான் வியாகுலம் தாமே யோசித்து, தாமே எடுத்தது. புதுக் காருக்கு செராமிக் கோட்டிங் போட்டே தீருவது.

அப்போது மீன்பிடித் தடைக்காலம். இரண்டு மாதம் கடலுக்குப் போகக்கூடாது. கடலுக்குப் போகாத மனுஷனுக்குக் கரையில் இரண்டே வேலை. வலையைச் செப்பனிடுவது, இல்லையென்றால் யோசிப்பது. வியாகுலம் வலை வேலைக்கு ஆள் வைத்துவிட்டார்.

கார் நல்ல கருநீலம். ராமநாதபுரம் ஷோரூமிலிருந்து வீடு வரைக்கும் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிவந்து, வீட்டுச் சுவரை ஒட்டி நிறுத்தியவர்தான். அதற்கப்புறம் அது ஓடவில்லை. நாற்பது எட்டு வைத்தால் கடல். கடலுக்கும் காருக்கும் நடுவில் வியாகுலம் கட்டிய அரண் இது: முதலில் கார் உறை, அதன்மேல் தார்ப்பாய், அதன்மேல் காற்றுக்குத் தூக்காமல் இருக்க ஈயக்குண்டு வைத்த பழைய மீன்வலை. காரை வெளியே எடுப்பதற்குள் ராமேஸ்வரத்துக்கு நடந்தே போய்விடலாம்.

வண்டியை மந்திரிக்க வந்த சாமியாரிடமே, தீர்த்தத்தில் உப்பு போட்டிருக்கிறதா என்று கேட்டார். போடுவது வழக்கம்தான் என்றார் சாமியார். அப்படியானால் டயருக்கு மட்டும் தெளித்தால் போதும் என்றார் வியாகுலம். பக்கத்து வீட்டு கிளாட்சன் வாழ்த்துச் சொல்லி பானெட்டைத் தட்டப் போனான். வியாகுலம் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"கைய எடு மாப்ள. பெயிண்ட்டுல ரேகை விழும்."

அந்த ஒரு வரியைத் தெருவில் எல்லாரும் மனப்பாடம் செய்துவிட்டார்கள். வியாகுலம் கடைக்குப் போனால் யாராவது அவருக்கு முன்னால் பெஞ்சைத் துடைத்துவிட்டு, "பாத்து உக்காருங்கண்ணே, ரேகை விழும்" என்பார்கள்.

அவர் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அவருடைய மனைவி ஹெலன், உச்சிப்புளிப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் ஒரு ஸ்கூட்டர் வாங்கினாள். ராமநாதபுரம் போய் லைசென்ஸும் எடுத்தாள். ஆர்.டி.ஓ. அலுவலக வாசலில் லைசென்ஸைக் கையில் பிடித்து இருவரும் போட்டோகூட எடுத்துக்கொண்டார்கள். வியாகுலம் போட்டோவைப் பார்த்தார். லைசென்ஸைப் பார்க்கவில்லை. ஸ்கூட்டரை உப்புக்காற்று ஒன்றரை வருஷத்தில் தின்று முடித்தது. ஒருநாள் பாம்பன் பாலத்தின் நட்டநடுவில் முன்பக்க மட்கார்டு இற்றுப்போய்க் கழன்று, பறந்து, கடலில் விழுந்தது. ஹெலன் மீதி ஸ்கூட்டரோடு வீடு வந்து சேர்ந்தாள். அன்றிலிருந்து ஆறு நாற்பது பஸ்தான்.

கார் வந்த மறுநாள், ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுவிட முடியுமா என்று கேட்டாள். கோட்டிங் போட்டதும் பார்க்கலாம் என்றார். மழை வந்த அன்று கேட்டாள். கோட்டிங் போட்டதும் என்றார். கால் சுளுக்கிய அன்று கேட்டாள். அதே பதில்தான், சுளுக்குக்குத் தைலம் மட்டும் எடுத்துக் கொடுத்தார்.

பகலெல்லாம் வியாகுலம் செல்போனில் கோட்டிங் படித்தார். வீட்டுக்குள் ஓயாமல் ஒரு குரல், "வணக்கம் நண்பர்களே, உங்க காரை நீங்க உண்மையா நேசிக்கிறீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. நேசிக்கிறேன் என்று வியாகுலம் தலையாட்டுவார். அதே வாயால் மனைவியிடம் ஒரு தடவையாவது அதைச் சொல்லியிருக்கிறாரா என்றால், கல்யாண வீடியோவைப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

ராமநாதபுரத்தில் கோட்டிங் கடை வைத்திருந்த சலாஹுதீனுக்குப் போன் போட்டார். சலாஹுதீன் நிதானமாகப் பேசுகிறவர். பெயிண்ட்டுக்கு மேலே கண்ணாடி மாதிரி ஒரு படலம் பிடிக்கும், பளபளப்பு நிற்கும், அழுக்கு ஒட்டாது, தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடும், மூன்று வருஷம் தாங்கும், இருபத்தாறாயிரம் ரூபாய் என்றார்.

"அப்பறம் கழுவவே வேணாம், அப்படித்தானே பாய்?"

"கழுவணும்ணே. கழுவுறது லேசா இருக்கும்."

"துரு பிடிக்காதுல்ல?"

"அடியில துரு பிடிச்சா அது வேற சங்கதி. இது மேல போடுற சட்டைண்ணே. சட்டை போட்டா குளிக்க வேணாம்னு ஆயிருமா?"

வியாகுலம் காதில் சட்டை விழுந்தது. குளியல் விழவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டில் விஷயத்தை வைத்தார். ஹெலன் நெத்திலிக் குழம்பை ஊற்றிக்கொண்டே, உப்புக்கு மருந்து நல்ல தண்ணீர், வாரத்தில் மூன்று நாள் கழுவினாலே போதும், ஸ்கூட்டரை நாமதான் கழுவாமல் கொன்றோம் என்றாள். வியாகுலத்துக்கு இது மருத்துவத் துறையின் கருத்தாகப் பட்டது. வாகனத் துறைக்கு ஒவ்வாது என்றார். பேச்சு நீண்டது. கடைசியில் ஹெலன்தான் வழி சொன்னாள்.

"நம்ம போட்டுக்குப் புதுப் பெயிண்ட் வந்தா என்ன செய்வீங்க? மொத போட்டு முழுக்கவா பூசுவீங்க?"

"ஒரு பக்கம் பூசிப் பாப்போம்."

"அதையே செய்ங்க. காருல பாதிக்குப் போடுங்க. பாதிய விடுங்க. மாதா கோயில் கொடியேத்தத்தன்னைக்குப் பாப்போம். போடாத பக்கம் மங்கியிருந்தா முழுக்கப் போட்டுக்கங்க, நான் இனிமே கார்னு வாயத் திறக்க மாட்டேன். ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல இருந்தா, சாவி என் ஆணியில தொங்கும்."

வியாகுலம் யோசித்தார். தோற்க வழியில்லை என்று தோன்றியது. அவருக்கு எப்போதும் அப்படித்தான் தோன்றும்.

"உறை கிறை போடக்கூடாது" என்றாள் ஹெலன். "ரெண்டு பக்கத்தையும் ஒரே மாதிரி கழுவணும். நீங்க கழுவுனா உங்க பக்கத்த மட்டும் கழுவுவீங்க. அதனால கழுவுறது நான்."

வேலை மிச்சம் என்று ஒத்துக்கொண்டார். கதவு இடுக்கெல்லாம் துடைக்க வேண்டுமே, சாவி வேண்டும் என்றாள். அதுவும் நியாயம்தானே என்று இரண்டாவது சாவியை எடுத்துக் கொடுத்தார்.

சலாஹுதீன் அதுவரை பாதிக் காருக்குக் கோட்டிங் போட்டதில்லை. "அண்ணே, கல்யாண மாப்பிள்ளைக்கு ஒரு பக்கம் மட்டும் மீசை வைக்கிற மாதிரி இருக்கு" என்று சொல்லிக்கொண்டே, பானெட்டின் நடுவில் நேர்கோடாக டேப் ஒட்டி, இடது பாதிக்கு மட்டும் போட்டுக் கொடுத்தார். வியாகுலம் போகவர நூறு கிலோமீட்டரும் ஜன்னலைத் திறக்காமல் வந்தார். மீட்டரில் நூற்றைம்பது. அதோடு கார் சுவரோரம் நின்றது.

எப்படி நின்றது என்பதில்தான் வியாகுலத்தின் மூளை இருந்தது. ஜூன் பிறந்தால் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று கிளம்பும். கடலிலிருந்து உப்பை அள்ளிக்கொண்டு வந்து, எதிரே நிற்பது எதுவானாலும் அதன்மேல் அப்பும். காரின் மூக்கை அவர் கிழக்கே பார்க்க வைத்தார். கோட்டிங் போட்ட இடதுபக்கம் சுவரோடு பத்திரம். போடாத வலதுபக்கம் கச்சானுக்கு நேர் எதிரே. முப்பது வருஷம் காற்றைப் படித்த படிப்பை அவர் பெண்டாட்டியை ஜெயிக்கப் பயன்படுத்தினார். ஹெலன் வந்து பார்த்தாள். காற்று வரும் திசையைப் பார்த்தாள். நன்றாக நிறுத்தியிருக்கிறீர்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவளும் கடற்கரையில் பிறந்தவள்தான் என்பது வியாகுலத்துக்கு அந்த நேரம் ஞாபகம் வரவில்லை.

தடை முடிந்தது. திங்கள், புதன், சனி காலையில் படகு கிளம்பும். மறுநாள் காலை கரை சேரும். கரை இறங்கினதும் வியாகுலம் மீனை விட்டுவிட்டு நேரே காருக்குத்தான் வருவார். வலதுபக்கம் குனிந்து, செல்போன் டார்ச்சை அடித்து, மூக்கு பெயிண்ட்டில் படாமல் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார். பளபளவென்று அவர் முகமே தெரியும். கவலையாக இருக்கும்.

மூன்று வாரம் ஆனது. கச்சான் பேயாய் அடித்தது. கிளாட்சன் வீட்டு ஜன்னல் கம்பி துருவேறிச் சிவந்தது. காருக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. வியாகுலத்துக்குக் காற்றின்மேலேயே சந்தேகம் வந்தது. காற்றுக்குக் கொஞ்சம் ஒத்தாசை செய்யலாம் என்று முடிவெடுத்தார். திங்கட்கிழமை படகுக்குக் கிளம்பும் முன், ஒரு வாளி கடல்தண்ணீரை மொண்டுவந்து வலதுபக்கம் ஊற்றினார். புதன்கிழமை இரண்டு வாளி. கிளாட்சன் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, என்ன மாப்ள இது என்றான். வண்டிக்கு உடம்புச் சூடு என்றார் வியாகுலம்.

ஹெலன் அடுப்படி ஜன்னலில் காபியோடு நின்று இரண்டு தடவையும் பார்த்தாள். காபியைக் குடித்து முடித்தாள்.

அடையாளங்கள் இல்லாமல் போகவில்லை. கண்ணாடியில் ஒரு ஜெபமாலை புதிதாகத் தொங்கியது. பக்தி என்று நினைத்தார். டிரைவர் சீட் முன்னால் தள்ளியிருந்தது. அடியில் துடைக்கத் தள்ளியிருப்பாள் என்று நினைத்தார். ஒருநாள் டீக்கடையில் பஸ் கண்டக்டர் வசந்தகுமார், சிஸ்டர் வாரத்தில் மூன்று நாள் பஸ்ஸுக்கு வருவதில்லையே என்று விசாரித்தார். ஆஸ்பத்திரி ஜீப் வந்து கூட்டிப்போகிறதாக்கும் என்று வியாகுலம் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். வசந்தகுமார் டீயை ஒரு நிமிஷம் வாயிலேயே வைத்திருந்துவிட்டு, அப்படியாண்ணே, நல்லது என்றார்.

ஆகஸ்ட் கடைசியில் கோயில் கொடியேற்றம். பூசை முடிந்ததும் தீர்ப்பு. நடுவராக கிளாட்சன், அவன் தொழில் படகுக்குப் பெயிண்ட் அடிப்பது, கண் ஏமாறாதவன். திருவிழாவுக்கு வந்த கூட்டத்தில் பாதி வியாகுலம் வீட்டு முன்னால்தான் நின்றது.

கிளாட்சன் கையை அழுத்தித் துடைத்துக்கொண்டு, இன்றைக்கு ரேகை விழலாமா என்று அனுமதி கேட்டான். இடதுபக்கம் தடவினான். வலதுபக்கம் தடவினான். கன்னத்தை வைத்தும் பார்த்தான். ஒரு சொம்பு தண்ணீரை இரண்டு பக்கமும் தெளித்தான். இடதுபக்கம் முத்து முத்தாக உருண்டது. வலதுபக்கம் பரவி வழிந்தது.

"பாத்தியா, பாத்தியா" என்றார் வியாகுலம்.

"தண்ணி ஓடுறதுக்கா மாப்ள பந்தயம்? நிறத்துக்குத்தானே. நிறம் ரெண்டும் ஒண்ணுதான். நூல் பிடிச்ச மாதிரி இருக்கு."

வியாகுலம் விடவில்லை. இதில் ஏதோ மோசடி இருக்கிறது என்றார். மூன்று மாதக் கச்சான் வலதுபக்கத்தில் நேராக அடித்திருக்கிறது. மங்காமல் இருக்க முடியாது.

"எல்லா நாளுமா அடிச்சிச்சு?" என்றாள் ஹெலன்.

"பின்ன? காத்து லீவா போட்டுச்சு?"

"காத்து லீவு போடல. உள்ள உக்காந்து மீட்டரப் பாருங்க."

கார் கதவைத் திறந்து உட்கார்ந்தார். முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. சாவியைத் திருப்பினார். மூன்று மாதமாகப் பெயிண்ட்டில் மயிரிழை கீறலைத் தேடிய கண், முதல் தடவையாக மீட்டரைப் பார்த்தது. இரண்டாயிரத்துப் பதினெட்டு.

வெளியே ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. அதுதான் அவருக்கு வலித்தது.

"நீ காரு ஓட்டுவியா?"

"லைசென்ஸ் வாங்குனப்ப பக்கத்துலதான் நின்னீங்க. ரெண்டு வண்டிக்கும் சேத்துத்தான் எடுத்தேன். போட்டோவுல சிரிச்சுக்கிட்டு வேற இருக்கீங்க."

மற்றதை அவளே சாதாரணமாகச் சொன்னாள். அவர் படகு கிளம்பின பத்தாவது நிமிஷம், அவர் ஊற்றிய உப்பை அவள் கழுவிவிடுவாள். பிறகு காரை எடுப்பாள். பகலெல்லாம் அது ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் நிற்கும். சாயங்காலம் பாலத்தைத் தாண்டி வந்ததும் மறுபடியும் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, மூக்கு கிழக்கே பார்க்க நிறுத்திவிடுவாள். ஊரில் எல்லாருக்கும் தெரியும். வசந்தகுமார் பஸ்ஸில் எதிரே வந்தால் விசில்கூட அடிப்பார்.

"அப்ப கோட்டிங் வேஸ்ட்டுதானா?" என்றான் கிளாட்சன்.

"வேஸ்ட்டுன்னு சொல்ல மாட்டேன்" என்றாள் ஹெலன். "போட்ட பக்கத்தக் கழுவ அஞ்சு நிமிஷம், போடாத பக்கத்துக்குப் பத்து நிமிஷம் ஆகுது. கழுவுற ஆளுக்கு லாபம். கழுவாம மூடி வைக்கிற ஆளுக்கு அதுனால ஒண்ணும் இல்ல. இனி தினமும் ஓடப்போகுதுல்ல, மிச்சப் பாதிக்கும் போட்டுருவோம். சலாஹுதீன் பாய்ட்ட சொல்லிட்டேன்."

ஆக, வியாகுலம் எடுத்த முடிவு நிறைவேறியது. முழுக் காருக்கும் கோட்டிங். கார்தான் அவரிடம் இல்லை.

செவ்வாய்க்கிழமை படகு இன்ஜினுக்கு ஒரு சாமான் வாங்க ராமநாதபுரம் போக வேண்டியிருந்தது. ஆறு நாற்பது பஸ் போய்விட்டது. உச்சிப்புளி வரைக்குமாவது கொண்டுவிட முடியுமா என்று வியாகுலம் கேட்டார். ஏறச் சொன்னாள் ஹெலன். முன்கதவுக்குப் போனார். பாம்பனில் கூட வேலை பார்க்கும் இராமலட்சுமி சிஸ்டர் ஏறுவார், முன்சீட் அவருக்கு என்றாள். சரியென்று பின்னால் வந்து, உடம்பைத் தாங்கிக்கொள்ள காரின் கூரையில் கையை ஊன்றினார்.

ஹெலன் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"கைய எடுங்க. பெயிண்ட்டுல ரேகை விழும்."